ஒத்துவராத கார்டு

"விசிறி சுத்துறதை மட்டும் காட்டிடுங்க மேடம், எடுத்துக்கிறேன்" என்று கார்டு வாங்க வந்தவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நியாயம்தான். ஏற்கெனவே பெட்டி பிரித்த கிராஃபிக்ஸ் கார்டை ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கிப் போக அவர் என்ன ஏமாளியா?

ஆனால் மாட்டிக் காட்ட அக்காவிடம் வேறு கணினி இல்லை. தம்பியோடு சேர்ந்து நடத்திய அனிமேஷன் கூடத்தில் எல்லாம் விற்றுப்போய், மூலையில் கிடந்த பழைய சர்வரும் ஒரு திரையும்தான் மிச்சம்.

இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டியதுபோலத் திரையில் சுற்றிக்காட்டும் தொழில். அந்தச் சர்வர்தான் மாடு மாதிரி உழைத்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை வந்தபோது அதன் தெம்பு போதாது என்று தெரிந்துதான், அக்கா ஆசை ஆசையாக இந்தக் கார்டை வாங்கினாள்.

தம்பி ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினான்.

"சர்வர் ரொம்பப் பழசுக்கா. பவர் பத்தல, திரையில ஒண்ணுமே வரமாட்டேங்குது. இந்தக் கார்டு இதுக்கு ஒத்தே வராது" என்று கண் கலங்கி நின்றான்.

அவள் அப்படியே நம்பினாள். சர்வர் விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். தலையைத் தடவிக்கொடுத்து, விடுடா, போனால் போகட்டும் என்றாள்.

போனது கூடத்தைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டிய வேலை. அது வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. கூடத்தையே மூட வேண்டியதாயிற்று.

கொஞ்ச நாளில் அதே நிறுவனம் தம்பியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவனாவது கரையேறினானே என்று புதுச் சட்டை எடுத்துக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அப்பாவி அக்கா.

சரி, ஓடாவிட்டாலும் விசிறியாவது சுற்றுமா பார்ப்போம் என்று சர்வரின் மூடியைக் கழற்றினாள்.

கார்டுக்கென்றே தனியாக வாங்கிய பவர் ஒயர் உள்ளே ஒழுங்காக வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. பாவம், பிள்ளை எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்று அவளுக்கு நெஞ்சு இளகியது.

கார்டை வைத்து அழுத்தினாள். வாகாக உட்கார்ந்துகொண்டது. ஒயரும் சேர்ந்தது. திரையின் கேபிளைக் கார்டிலேயே செருகிவிட்டு பொத்தானைத் தட்டினாள்.

விசிறி சுற்றியது. வந்தவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அது போதும். அவளும் நிறுத்தத்தான் கையை நீட்டினாள்.

அதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது.

புதிதாக ஒரு கார்டைப் போட்டால் எந்தக் கணினியும் சும்மா இருக்காது. இது என்ன சாமான், இதை ஓட்டுகிற மென்பொருள் எங்கே என்று நச்சரிக்கும். அதைப் போட்ட பிறகுதான் படம் தெளியும். இத்தனை வருடம் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததுதான்.

இது எதுவுமே கேட்கவில்லை. படம் எடுத்த எடுப்பிலேயே பளிச்சென்று விரிந்தது. ஓரத்தில் கார்டின் பெயர்கூட வந்தது. நெடுநாள் பழகிய ஆளை வரவேற்பதுபோல இருந்தது.

மென்பொருள் முன்பே உள்ளே இருக்கிறது. கார்டு ஓடியிருந்தால்தான் அது உள்ளே போயிருக்கும். தம்பியைத் தவிர வேறு யாரும் இந்தச் சர்வரைத் தொட்டதில்லை.

அப்படியானால் கார்டு அன்றைக்கே ஓடியிருக்கிறது. ஒத்துவராது என்றது பொய்.

வேறு இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவளே சிரித்துக்கொண்டு அனுப்பியிருப்பாளே. கூடவே இருந்து கழுத்தறுக்க வேண்டுமா? ஆஸ்பத்திரி வேலையையும் அந்த நிறுவனத்துக்கே கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவள் முன்னாலேயே வந்து கண் கலங்கவும் வேண்டுமா?

வந்தவர் சந்தோஷமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

கைபேசி அடித்தது. தம்பிதான்.

"அக்கா, அந்தச் சர்வரை உடைக்கப் போட்டுட்டியா?"

நேற்றும் இதையேதான் கேட்டான். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, அக்கா ஒண்டியாக என்ன செய்வாள் என்ற கரிசனம் என்றுதான் நேற்று நினைத்திருந்தாள்.

திரையைப் பார்த்தபடியே, "போட்டுட்டேன்டா" என்றாள்.

மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. வேலை கிடைத்த அன்றுகூட அவன் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விடவில்லை.