பந்தலுக்கு வந்த கேமரா

"வாயத் தொறங்கண்ணே!" என்று ஒரு முழு லட்டை டிவி நிருபர் கோதண்டராமனின் வாயில் திணித்தாள் செல்வலட்சுமி. பந்தலில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

சங்கம் ஆரம்பித்த குற்றத்துக்காக வேலையை விட்டு நீக்கப்பட்ட செல்வலட்சுமி உள்ளிட்ட அறுபது பேர், ஒரகடத்தில் தொழிற்சாலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்து அன்று முப்பத்தெட்டாவது நாள். காலையில்தான் தேர்தல் முடிவு வந்திருந்தது. ஆளுங்கட்சி தோற்று எதிர்க்கட்சி ஜெயித்திருந்தது. கோதண்டராமனின் சேனல் அந்த எதிர்க்கட்சியுடையது.

அவர் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தார். ஆளுங்கட்சிச் சேனலோ ஒரே ஒருநாள் வந்து, பந்தலால் ஏற்படும் போக்குவரத்து நெரிசலுக்காக மனம் வருந்திவிட்டுப் போனது.

செல்வலட்சுமிக்குப் பேட்டி கொடுக்கக் கற்றுத்தந்தவரே அவர்தான். "கண்ணத் தொடைக்காத தங்கச்சி, கண்ணீரு கேமராவுல தெரியணும். அஞ்சாறு வருசத்துக்கு முந்தி நடந்ததெல்லாம் இன்னாத்துக்கு? இந்த ஆட்சியில நடந்தத மட்டும் சொல்லு, போதும்."

எட்டு மணிச் செய்தியில் தமிழ்நாடே அவள் அழுததைப் பார்த்தது. நாங்குநேரியிலிருந்து அவள் அம்மா மட்டும், "டிவியில வாரவ ஒரு நல்ல சேலை கட்டக்கூடாதாட்டி?" என்று போனில் குறைபட்டாள்.

"இனி நம்ம ஆட்சிதான அண்ணே! நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுருவாவல்லா?" என்று அவரிடம் கேட்டாள் செல்வலட்சுமி.

கோதண்டராமன் லட்டை மென்றபடி கேமரா ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பேட்டி எடுக்கலியாண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு வேன் வந்து நின்றது. அந்தப் போக்குவரத்து நெரிசல் சேனல். "தோத்த எரிச்சல்ல நம்ம பந்தலப் பிரிக்க வாராவ போல" என்று பெண்கள் எழுந்து நின்றார்கள்.

வேனிலிருந்து இறங்கிய நிருபர் கவிப்பிரியா நேராக வந்து, செல்வலட்சுமியின் முன்னால் மண்ணிலேயே மண்டியிட்டு மைக்கை நீட்டினாள். அவள் குரல் தழுதழுத்தது. "முப்பத்தெட்டு நாளா இந்த வெயில்ல கெடக்குறீங்களே அக்கா, இந்த நாட்டுல உங்களுக்குக் கேக்க ஆளே இல்லையா?"

செல்வலட்சுமி திகைத்துப்போய்க் கோதண்டராமனைத் தேடினாள். அவர் தன் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இனிமே அவங்ககிட்ட அழு தங்கச்சி, எங்க ஷிப்ட் முடிஞ்சிடுச்சி."