சிவந்த பாறைகளுக்கு நடுவே சம்பந்தி

அமெரிக்காவிலிருந்து மகன் அஜித் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சின்னத்தாயிக்கு வயிறு எரிந்தது. சிவந்த பாறைகளுக்கு நடுவே ஒரு கூடாரம். அதன் முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சம்பந்தி வசந்தா உட்கார்ந்திருந்தாள்.

“இது நவஹோங்கிற பழங்குடி மக்களோட நிலம்மா. அவுககிட்ட அனுமதி வாங்கி மூணு நாள் தங்கப் போறோம்” என்று அஜித்தின் குரல்பதிவும் வந்திருந்தது.

“பாத்தீகளா ஒங்க மகனை?” என்று கணவரிடம் பொரிந்தாள். “போன மாசம் வரைக்கும் நானும் அங்குட்டுத்தான இருந்தேன்? என்னையக் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் கூட்டிப் போனான். மாமியாருக்குன்னா பாலைவனமே காட்டுறான்!”

அதன்பின் மகன் அழைத்தபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை.

நான்காம் நாள் வசந்தாவே கூப்பிட்டாள். பெருமையடிக்கத்தான் என்று நினைத்தபடியே எடுத்தாள் சின்னத்தாயி.

“மதினி, இப்பத்தான் வீடு வந்து சேந்தோம். பகல்ல வெயிலு, ராத்திரி பல்லு கிட்டுற குளிரு. தண்ணிக் கேனைத் தூக்கிட்டுப் பாறை ஏறி இடுப்பே போச்சு.” வசந்தா குரலைத் தாழ்த்தினாள். “‘ஒங்கம்மா வந்திருந்தப்ப ஏன் இங்க கூட்டியாரல மாப்ள?’ன்னு கேட்டேன். ‘அம்மாவுக்கு மூட்டுவலி, இந்தக் கஷ்டமெல்லாம் தாங்க மாட்டாக’ன்னாரு. எனக்கும் மூட்டுவலிதான். நான் பெத்த மகளுக்கு அது தோணலையே! ஒங்களை நெனைச்சாப் பொறாமையா இருக்கு மதினி.”

பொங்கி வந்த சிரிப்பைச் சின்னத்தாயி முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“ஒடம்பைப் பாத்துக்கங்க மதினி” என்றாள், உண்மையான அன்போடு.