மாமி நேர்ந்த உருளல்

"ஆபரேஷன் அறைக் கதவ அடைச்சப்பவே சவேரியாருக்கு நேர்ந்தாச்சு. வாற திருநாளுக்கு எனக்க மருமவ கோட்டாறு கோயிலச் சுத்தி உருண்டு வருவா. அதுல மாத்தமில்ல," என்றாள் வியாகுலம்மாள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி.

மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரீத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இருமினாலே தையல் சுரீர் என்கிறது. திருநாளுக்கோ மூன்றே வாரம். ஆனாலும் செத்துப் பிழைத்த சந்தோஷத்தில் அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான் வந்தது.

"டாக்டரம்மா ஆறு மாசம் குடங்கூடத் தூக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ, அம்மா," என்றான் கணவன் கிளீட்டஸ். "பங்குச் சாமியார்ட்ட கேட்டா நேர்ச்சைய மாத்தித் தருவாரு."

"போலே. சவேரியாருக்குக் குடுத்த வாக்க சாமியாரு எப்பிடி மாத்துவாரு?"

"அப்போ நேர்ந்தவ நீ. நீயே உருளு."

"யாரு பேருல நேர்ந்ததோ, அவங்கதான் செலுத்தணும். இல்லேன்னா பிள்ளைக்கு ஆகாது."

ரீத்தாவின் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்தில் கொழுகொழுவென்று தூங்கும் மகளைப் பார்த்தாள். பயமாக இருந்தது. பிள்ளையின் துணியை இழுத்து மூடிவிட்டு, மெல்ல மாமியின் பக்கம் திரும்பினாள்.

"மாமி சொல்லுகதுதான் சரி. யாரு பேருல நேர்ந்ததோ, அவங்கதான் செலுத்தணும்."

"அப்பிடிச் சொல்லு, எனக்க ராசாத்தி."

"மயக்க மருந்துத் துணிய மூக்குல வச்சப்போ நானும் ஒண்ணு நேர்ந்தேன் மாமி. உங்க பேருல."

வியாகுலம்மாள் உருகிவிட்டாள். "எனக்க பேருலயா? என்னட்டி நேர்ந்த?"

"பிள்ளை உசுரோட கிடைச்சா, மாமி ஆயுசுக்கும் வெத்தல தொடமாட்டாவன்னு."

வாய்க்குப் போன வெற்றிலைச் சுருள் பாதி வழியில் நின்றது. வியாகுலம்மாள் சுருளைப் பார்த்தாள். பேத்தியைப் பார்த்தாள். மறுபடியும் சுருளைப் பார்த்தாள்.

"லே கிளீட்டஸ், என்னத்துக்கு மரம்மாதிரி நிக்க? வண்டியப் பூட்டு. சாமியாருக்கு அந்த அதிகாரம் உண்டுன்னு எனக்கு முந்தியே தெரியும். ரெண்டு நேர்ச்சையையும் சேத்தே மாத்திட்டு வந்திருவோம்."

வண்டிச் சத்தம் தேய்ந்ததும், ரீத்தா தலையணையைத் தையல்மேல் அமுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு மருந்துத் துணி மூக்கில் பட்டதும், 'சவேரியாரே' என்பதில் 'சவே' வரைக்கும்தான் அவளால் சொல்ல முடிந்தது.