வாசலில் கிடந்த ஆறு ஜோடி

அந்தத் தீவில் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். மாதத்தின் முதல் திங்களன்று ஜெசிந்தா தன் பதிவைப் புதுப்பிக்கப் போவாள். அவளுடைய இடது செருப்புக்கு அன்று திருவிழா. வாசலில் நாற்பது ஜோடிகளோடு ஊர்க்கதை பேசலாம்.

இந்த முறை ஆறு ஜோடிதான் கிடந்தன. உள்ளே அதிகாரி தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேலை தேடுறவங்க ரொம்பக் குறைஞ்சுட்டாங்க சார். நல்ல செய்திதான்."

"கேட்டியா? எல்லாருக்கும் வேலை கிடைச்சிருச்சு!" என்று இடது துள்ளியது. "அடுத்தது நாமதான்."

"துள்ளாதடி. உன் வாரும் அறுந்தா இன்னொரு ஊக்குக்கு எங்க போறது?" என்றது, ஏற்கெனவே ஊக்கு குத்தியிருந்த வலது.

திரும்பும் வழியில் ஜெசிந்தா, இந்த முறை பதிவுக்கு வராத ஒரு தோழியைப் பார்க்க நின்றாள். தோழி கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய நீலச் செருப்பு செதில் ஒட்டிக் கிடந்தது.

"உனக்கு எந்த ஆபீஸ்டி?" என்று இடது ஆசையாகக் கேட்டது.

"ஆபீஸா? நாலு வருஷம் நடந்து நான் தேஞ்சதுதான் மிச்சம். அவ தேடுறதையே விட்டுட்டா. இப்ப எனக்குக் கிணத்தடியும் கொல்லையும்தான்."

வீடு வரும்வரை இடது துள்ளாமல் தரையோடு தேய்ந்து நடந்தது.

அடுத்த மாதம் முதல் திங்கள் வந்தது. ஜெசிந்தா தலை வாரிக்கொண்டு சான்றிதழ் உறையை எடுத்தாள். இடது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் வாசற்படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு உறையைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு குடத்தோடு கிணற்றடிக்கு நடந்தாள்.

அலுவலக வாசலில் அன்று ஐந்து ஜோடிகள் கிடந்தன.

"இன்னும் ஒண்ணு குறைஞ்சிருக்கு சார்," என்றார் அதிகாரி, சந்தோஷமாக.