கைக்கு விடுப்பு

சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த சித்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நுழைவுத் தேர்வுக்கு மூன்றே நாள். மகளோ சுவரில் சாய்ந்து, பத்து விரலிலும் எண்ணெயைப் பூசி, நகப்பூச்சு காயவைப்பவள் மாதிரி விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகங்கள் மூடிக் கிடந்தன.

பன்னிரண்டு நாளாக இதே கூத்துதான்.

கட்டடத்துக்குக் கலவை போட வரமாட்டேன் என்றாள். சரி, படிக்கட்டும். பாத்திரம் துலக்கமாட்டேன், துணி துவைக்கமாட்டேன் என்றாள். அதுவும் சரி. படிக்கவாவது செய்ய வேண்டாமா? காலையில் இரண்டு மணி நேரம் பழைய கேள்விகளைப் புரட்டுகிறாள். அப்புறம் எண்ணெய், தூக்கம், மறுபடி எண்ணெய்.

மேஸ்திரி வேறு இன்றைக்கு எல்லார் முன்னாலும், "எங்க உன் மகாராணி, பல்லக்கு வரலையா?" என்று மானத்தை வாங்கிவிட்டான்.

இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். அதன்பிறகு ஆயுசுக்கும் சாந்துச் சட்டிதான்.

"பரீட்சை எழுதப்போறியா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கையக் காட்டப்போறியா? போன வருஷம் பட்டது பத்தாதாடி?"

மகள் சிரித்தாள். "படிக்கவேண்டியதெல்லாம் படிச்சாச்சும்மா. எந்தப் பக்கத்த வேணா தொறந்து கேளு."

சித்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தே சொல்கிற கொழுப்பு. ஆனாலும் குரலில் ஒரு திடம் இருந்தது. வாய்வரை வந்த வசவு பாதியில் நின்றது.

மகள் விரல்களைத் துணியில் அழுந்தத் துடைத்தாள். கைப்பேசியை எடுத்து வலது பெருவிரலை வைத்தாள்.

திரை விழித்துக்கொண்டது.

அணைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் திறந்தது. இன்னொரு தடவையும்.

"அம்மா! தொறந்துடுச்சு!"

"போன் தொறந்ததுக்கா இந்தக் குதி குதிக்கற?"

"எத்தன மாசமா நம்பர் போட்டுத்தானே தொறக்கறேன்! சிமெண்ட் ரேகையத் தின்னுடுச்சும்மா. கைய சும்மா வெச்சதுல திரும்ப மொளைச்சிடுச்சு பாரு. பரீட்சை வாசல்ல ஒரு மிஷின் இருக்கும், அதுல பெருவிரல வைக்கணும். அடையாள அட்டைல பதிஞ்ச ரேகையோட ஒத்துப்போனாத்தான் உள்ள விடுவாங்க, இல்லன்னா அப்படியே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சித்தாள் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். இருபது வருடக் கலவை தேய்த்த விரல். ஒரு கோடு இல்லை.

போன வருடம் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமும் அவள் இடுப்பு பிடித்துப் படுக்கையில் கிடந்தாள். வேலை கைவிட்டுப் போகாமலிருக்க, அவள் இடத்தில் நின்று கலவை போட்டது மகள்தான். வெறுங்கையால். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும்.

காலையில் தேர்வுக்குப் போனவள், மதியச் சோற்றுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். கணக்கெல்லாம் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். "மண்டைல ஏறலன்னா என்ன பண்றது" என்று இவள்தான் ஒரு வாரம் கரித்துக்கொட்டினாள்.

சித்தாள் மெதுவாக மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, எந்தக் கணக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?"

மகள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேள்வித்தாளக் கண்ணால பாத்திருந்தாத்தானே தெரியும்."

பிறகு நிமிர்ந்தாள்.

"இந்த வருஷம் பாத்துட்டு வந்து சொல்றேன்மா."