கப்பலுக்கு மார்க்

"பெரிய கப்பலுக்கு ஒன்பது, சின்னதுக்கு நாலு. நான் போட்டுட்டேன்" என்றார் கணக்கு வாத்தியார், பேனாவை மூடியபடி.

பயண அலுவலகத்துப் பெண்ணுக்குச் சிரிப்பதா, குறித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் மேசைமேல் இரண்டு மாதிரிக் கப்பல்கள் இருந்தன. ஒன்று முழங்கை நீளம், பதினெட்டு மாடி. இன்னொன்று மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு, ஐந்தே மாடி.

வாத்தியார் வீட்டில் எதையும் மார்க் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் வந்தது. மகள் பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்பதும் அப்படித்தான் தீர்மானமானது. ஒவ்வொன்றுக்கும் ஆளுக்குப் பத்து மார்க் வரை. எதற்குக் கூட்டுத்தொகை அதிகமோ அதுதான் முடிவு, அதன் பிறகு பேச்சே கிடையாது. இந்த விதியை எழுதியவர் வாத்தியார். இதுவரை தோற்காதவரும் அவர்தான்.

இன்று அவர் மனைவிக்கு ஜெயித்தே ஆகவேண்டும். ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள். இப்போது கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தோடு ஒரு வாரக் கடல் பயணம். அது சின்னக் கப்பலில்தான் அமைய வேண்டும். ஏன் என்று கணவர் கேட்டபோதெல்லாம், கூட்டம் இருக்காது, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று மழுப்பி வந்தாள்.

வாத்தியார் விடவில்லை. பெரிய கப்பலில் ஆறு நீச்சல் குளம், இரண்டு திரையரங்கு, நான்கு மாடி உயரத்திலிருந்து தண்ணீர்ச் சறுக்கு என்று விரல் மடக்கி எண்ணினார். சின்னதில் ஒரே ஒரு குளம், அதுவும் நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு அண்ணன் மாதிரி என்றார். பிள்ளைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மகள் தலை நிமிராமல் பெரியதற்கு மூன்று, சின்னதற்கு எட்டு என்றாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். வயது பத்து. குளத்தில் இறங்கினால் கரையேற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"பெரிசுக்கு ரெண்டு. சின்னதுக்கு ஒன்பது."

"டேய், ஆறு குளம்டா."

"ஒரே நேரத்துல ஒண்ணுலதானப்பா குளிக்க முடியும்?"

கணக்கு சரியாக இருந்ததால் வாத்தியாரால் மறுக்க முடியவில்லை. அவர் அப்பா, ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய கப்பலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் பசியே அடங்கிவிடும் என்று சொல்லி நான்கு போட்டார். சின்னதற்கு ஏழு.

"அப்பா, நீங்களுமா?"

"உன் விதிப்படிதானப்பா போடறேன்."

மனைவி கடைசி. பெரியதற்கு ஐந்து போட்டாள். சின்னதற்கு முழுசாகப் பத்து.

வாத்தியார் மேலிருந்து கீழாகக் கூட்டினார். நம்பாமல் கீழிருந்து மேலாகவும் கூட்டினார். எப்படிக் கூட்டினாலும் பெரிய கப்பல் இருபத்து மூன்று, சின்னக் கப்பல் முப்பத்தெட்டு. தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுதிய விதியை மீறுகிறவர் இல்லை அவர்.

"சின்னதையே போடுங்கம்மா" என்றார்.

அந்தப் பெண் கணினியில் தட்டினாள். பெரிய கப்பலில் ஐந்து பேர் தங்குகிற குடும்ப அறை உண்டு, இதில் எல்லாமே இரண்டு பேர் அறைதான் என்றாள். "மூணு ரூம் எடுக்கணும் சார். ஒரு படுக்கை காலியா வரும், பரவாயில்லையா?"

வாத்தியார் திடுக்கிட்டார். குளம், திரையரங்கு, சாப்பாடு, மருத்துவர் என்று பதினான்கு தலைப்பில் ஒப்பிட்டவர், தூங்குகிற அறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"காலியாவா? ஒரு வாரம் முழுக்கவா?"

மனைவி கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டுகளை மேசைமேல் அடுக்கினாள்.

அலுவலகப் பெண் எண்ணிப் பார்த்தாள். "ஆறு இருக்கே மேடம்?"

வாத்தியார் மேலே இருந்ததைத் திறந்தார். மனைவியின் அக்கா புகைப்படத்திலிருந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இவன் பொறந்ததிலிருந்து நாம அஞ்சு பேர்" என்றாள் மனைவி. "கார்ல அஞ்சு சீட்டு, ஓட்டல்ல அஞ்சு பேர் ரூம். இடம் மட்டும் இருந்தா எங்க அக்காவையும் கூட்டிட்டுப் போகமாட்டேனான்னு ஒவ்வொரு லீவுக்கும் சொல்றீங்க. இப்ப இடம் இருக்குங்க."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மகளும் தன் அப்பாவும் மாதிரிக் கப்பலின் புகைபோக்கியை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகனுக்குத்தான் அடக்க முடியவில்லை. "பெரியம்மா பெட்டி கட்டி ஒரு வாரம் ஆச்சுப்பா."