முரண்டு பிடித்த பிரிண்டர்

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் எழுந்து வேலை செய்யாவிட்டால் காயலாங்கடைதான். மேஜைமேல் கறுப்பும் நீலமுமாக இரண்டு பென்டிரைவ்கள் கிடந்தன. இரண்டிலும் இலவச இயங்குதளம்.

“என்னைவிடச் சுத்தமான சரக்கு கிடையாது,” என்றது கறுப்பு. “முதலில் கையேட்டைப் படி.”

“எத்தனை பக்கம்?”

“தொள்ளாயிரம்.”

“காயலாங்கடையே தேவலை,” என்றது கம்ப்யூட்டர்.

“நான் சுமார்தான் அண்ணே,” என்றது நீலம். “கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், போதும்.”

நீலத்திடம் ‘சரி, சரி’ என்று சொல்லியே கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது. நீலம் உடனே இன்டர்நெட்டில், தன்னைப் பயன்படுத்தும் கூட்டத்திடம் வழி கேட்டது.

“ஊரெல்லாம் கேட்கிறாயே, வெட்கமாக இல்லை?” என்றது கறுப்பு.

பதில் வந்தது. பிரிண்டர் முனகிக்கொண்டே முதல் தாளைத் துப்பியது.

வழி சொன்னது, போன வருஷம் இதே மாதிரி பிரிண்டரிடம் சிக்கி அழுத, எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு கிழட்டு லேப்டாப்.